பாலன்சிங் சரியாக இருந்தும் ஸ்டீரிங் நடுங்குவது ஏன்?

காருக்குப் புதிதாக ஸ்போர்ட் ரிம் மாட்டியவர்கள் பலர் சொல்லும் புகார் ஒன்று உண்டு. ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசம் எதுவும் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, வேகம் 90 கிலோமீட்டரை நெருங்கியதும் ஸ்டீரிங் கையில் நடுங்கத் தொடங்குகிறது. டயர் கடைக்குத் திரும்பிப் போனால், கடைக்காரர் சக்கரங்களைக் கழற்றி பாலன்சிங் இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றிக் காட்டுகிறார். திரையில் இரண்டு பக்கமும் பூஜ்ஜியம். "ரிம்மில் ஒன்றும் கோளாறு இல்லை" என்கிறார். மறுபடி மாட்டி ஓட்டினால் மறுபடியும் நடுக்கம். சில வேளை முன்பைவிடக் குறைவாக இருக்கும். சில வேளை கூடுதலாக இருக்கும்.

இயந்திரம் காட்டியது உண்மை. ஓட்டுநர் உணர்ந்ததும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? இதற்கான விடை பல சமயம் ரிம்முக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கவேண்டிய ஒரு சின்ன வளையத்தில் இருக்கிறது. கடைகளில் இதை ஹப் ரிங் என்றும் சென்டர் ரிங் என்றும் சொல்வார்கள். கையடக்கமான, மலிவான பொருள். ஆனால் இது என்ன வேலை செய்கிறது, என்ன வேலை செய்வதில்லை என்பதைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அந்தக் குழப்பம் நடுக்கத்தோடு நின்றால் பரவாயில்லை. சில நேரங்களில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒரே ரிம், பல கார்கள்

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், அது பொருந்தும் இரும்புப் பகுதி தெரியும். அதுதான் ஹப். அதிலிருந்து நான்கு அல்லது ஐந்து ஸ்டட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நடுவில் வட்டமான ஒரு மேடு துருத்திக்கொண்டிருக்கும். இந்தக் கட்டுரையில் அதை நடுக்குமிழ் என்போம். ரிம்மின் மத்தியில் உள்ள பெரிய துளை இந்த நடுக்குமிழின் மேல் போய் உட்காரும். அதை நடுத்துளை என்போம்.

தொழிற்சாலையிலிருந்து காருடன் வரும் ரிம்மில் நடுத்துளையும் நடுக்குமிழும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தும். பெரோடுவா மைவி, தொயோத்தா வியோஸ் ஆகியவற்றின் நடுக்குமிழ் 54.1 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஹோண்டா சிட்டியில் அது 56.1. தொயோத்தா கேம்ரியில் 60.1. ஹோண்டா சிவிக்கில் 64.1. மிட்சுபிஷி லான்சரில் 67.1. ஒரே நிறுவனத்தின் கார்களுக்குள்கூட அளவு மாறுகிறது.

ஸ்டட்களின் அமைப்போ பல கார்களுக்குப் பொதுவானது. மைவி, வியோஸ், சிட்டி மூன்றுக்கும் நான்கு ஸ்டட். அவை 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கற்பனை வட்டத்தின் மேல் அமைந்திருக்கும். இதையே டயர் கடைகளில் 4×100 என்று சொல்கிறார்கள். இந்த வட்டத்தின் விட்டத்துக்குத்தான் பி.சி.டி. என்று பெயர். கேம்ரி, சிவிக், லான்சர் ஆகியவற்றுக்கு ஐந்து ஸ்டட், 114.3 மில்லிமீட்டர். விநோதமாகத் தோன்றும் இந்த எண், நாலரை அங்குலத்தை மில்லிமீட்டரில் எழுதியதால் வந்தது.

இப்போது வெளியில் விற்கும் ரிம் தயாரிப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு காருக்கும் தனித்தனி அச்சு செய்தால் கட்டுப்படியாகாது. அதனால் பி.சி.டி. அளவை மட்டும் பொருத்தி, நடுத்துளையைப் பெரிதாகவே விட்டுவிடுகிறார். 73.1 மில்லிமீட்டர் மிகவும் பழக்கமான அளவு, 67.1 அளவிலும் பல ரிம்கள் வருகின்றன. பெரிய துளை எந்தச் சிறிய குமிழின் மேலும் நுழையும். 73.1 மில்லிமீட்டர் துளையுள்ள ரிம்மை மைவியில் மாட்டினால், குமிழைச் சுற்றி எல்லாப் பக்கமும் 9.5 மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் ஹப் ரிங். வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 54.1.

இரண்டு அச்சுகள்

சக்கரம் சமநிலையில் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த அச்சைச் சுற்றிச் சுழலும்போது சமநிலையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பம்பரத்தின் ஆணி நடுவில் இருந்தால் அது அமைதியாகத் தூங்கும். அதே பம்பரத்தில் ஆணியைச் சற்றுத் தள்ளி அடித்தால் ஆட்டம் போடும். கட்டையில் மாற்றம் ஏதும் இல்லை. சுழலும் அச்சுதான் மாறியிருக்கிறது.

பாலன்சிங் இயந்திரத்தில் ரிம்மை மாட்டும்போது, கடைக்காரர் ஓர் உலோகக் கூம்பை நடுத்துளைக்குள் செருகி இறுக்குகிறார். கூம்பு தானாகவே துளையின் நட்டநடுவில் வந்து நிற்கும். ஆகவே இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றுவது நடுத்துளையின் மையத்தைச் சுற்றி. அந்த மையத்துக்கு ஏற்பவே எடைக்கட்டிகளை ஒட்டச் சொல்கிறது. திரையில் வரும் பூஜ்ஜியத்தின் பொருள் இதுதான்.

காரில் மாட்டியபின் சக்கரம் சுழல்வது ஹப்பின் மையத்தைச் சுற்றி. நடுத்துளையின் மையமும் ஹப்பின் மையமும் ஒன்றாக இருந்தால் இயந்திரம் தந்த பூஜ்ஜியம் சாலையிலும் செல்லுபடியாகும். நடுத்துளை பெரிதாக இருந்து, ரிம் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் இறங்கி உட்கார்ந்துவிட்டால் அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பொருள் இல்லை. பத்து முறை பாலன்சிங் செய்தாலும் இயந்திரம் பத்து முறையும் பூஜ்ஜியமே காட்டும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ரிம் வெவ்வேறு இடத்தில் உட்காருவதால்தான் நடுக்கம் ஒரு தடவை குறைந்தும் ஒரு தடவை கூடியும் தெரிகிறது.

அரை மில்லிமீட்டரின் கணக்கு

அரை மில்லிமீட்டர் என்பது சில தாள்களை அடுக்கினால் வரும் தடிப்பு. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

15 அங்குல ரிம்மும் டயரும் சேர்ந்து ஏறக்குறைய 15 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 கிலோவும் மையத்திலிருந்து 0.5 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. பெருக்கினால் 7,500 கிராம் மில்லிமீட்டர். எடைக்கட்டி ஒட்டும் இடம் மையத்திலிருந்து சுமார் 180 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 7,500ஐ 180ஆல் வகுத்தால் ஏறக்குறைய 40 கிராம் வருகிறது. அதாவது, நன்றாக பாலன்சிங் செய்த சக்கரத்தின் ஓரத்தில் 5 கிராம் கட்டிகள் எட்டை வேண்டுமென்றே ஒட்டிவிட்டு ஓட்டுவதற்குச் சமம்.

இனி வேகத்தைச் சேர்ப்போம். 185/55 ஆர் 15 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் உருளும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 16 அல்லது 17 தடவை சுழலும். அந்த வேகத்தில், அரை மில்லிமீட்டர் விலகலால் பிறக்கும் மையவிலக்கு விசை சுமார் 80 நியூட்டன். 8 கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசை அது. அந்த விசை சக்கரத்தை மேலும் கீழும் முன்னும் பின்னும் நொடிக்குப் பதினாறு தடவைக்கு மேல் இழுக்கிறது.

மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். வேகம் பாதியானால் விசை கால்பங்காகக் குறையும். அதனால் 55 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 8 கிலோ 2 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. ஊருக்குள் ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் சேர்ந்த தொகுதி ஒரு பக்கம் டயரின் காற்றின் மீதும் மறுபக்கம் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மீதும் நிற்கிறது. ஊஞ்சலுக்கு ஓர் இயல்பான ஆட்டவேகம் இருப்பதுபோல் இந்தத் தொகுதிக்கும் உண்டு. சாதாரணக் கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 தடவை வரை. நம் டயர் நொடிக்கு 12 தடவை சுழலும் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஊஞ்சல் முன்னே போகும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் கூடுவதுபோல், 80க்கும் 110க்கும் இடையில் சிறு விசைகூடப் பெரிய நடுக்கமாகிறது. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் வேக வரம்பு பெரும்பாலும் 80 அல்லது 90. அங்கே லேசாகத் தோன்றும் நடுக்கம், கடற்பாலத்தைத் தாண்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110ஐத் தொடும்போது தெளிவாகத் தெரிவதும் உண்டு.

டயரின் வட்டமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மையம் அரை மில்லிமீட்டர் விலகினால், டயரின் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தும் உருளும். ஒவ்வொரு சுற்றிலும் கார் ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்குவது போன்ற நிலை. எடைக்கட்டி எதுவும் இதைச் சரிசெய்யாது.

நட் போதாதா?

கூம்பு வடிவ நட்டே ரிம்மை நடுவுக்கு இழுத்துவிடும், வளையம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. வெளியில் வாங்கும் பெரும்பாலான ரிம்களுக்குரிய நட்டின் நுனி 60 பாகைக் கூம்பாக இருக்கும். ரிம்மின் துளையிலும் அதே கூம்பு வடிவம் குடைந்திருக்கும். நான்கு கூம்புகளும் சமமாக இறங்கினால் ரிம் நடுவில் வந்தே தீரும். பொறுமையாகச் செய்தால் வளையம் இல்லாமலும் நடுக்கமில்லாமல் மாட்ட முடியும்.

சிக்கல், பரபரப்பான கடையில் அது நடக்கும் விதத்தில் இருக்கிறது. கார் தூக்கி நிற்கிறது. 15 கிலோ சக்கரம் ஸ்டட்களின் மேல் தொங்குகிறது. ஸ்டட் 12 மில்லிமீட்டர் தடிமன். அது நுழையும் துளை அதைவிடப் பெரியது. அதனால் சக்கரம் தன் எடையால் சற்றுக் கீழே இறங்கி நிற்கும். அந்த நிலையில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை ஒரே மூச்சில் இறுக்கிவிட்டால், ரிம்மின் முகம் ஹப்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அடுத்த மூன்று நட்களும் தங்கள் கூம்பால் ரிம்மை இழுக்கப் பார்க்கும்; ஆனால் முதல் நட்டின் பிடியை அவற்றால் வெல்ல முடியாது. நான்கும் இறுகியிருக்கும், ரிம் மட்டும் நடுவில் இருக்காது.

வளையம் இருந்தால் நட் போடுவதற்கு முன்பே ரிம் நடுவில் நின்றுவிடும். இறுக்குபவர் அவசரப்பட்டாலும் அது நகர இடமில்லை. ஸ்டட்டுக்குப் பதிலாகத் தனி போல்ட்டைத் திருகும் ஐரோப்பியக் கார்களில் இதன் பயன் இன்னும் வெளிப்படை. அங்கே சக்கரத்தைத் தொங்கவிட ஸ்டட்டே இல்லை. முதல் போல்ட்டைத் திருகும்வரை சக்கரம் நிற்பது நடுக்குமிழின் மேல்தான்.

எடையைத் தாங்குவது யார்?

"வளையம் காரின் எடையைத் தாங்குகிறது. அதனால் பிளாஸ்டிக் போடக்கூடாது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதையும் கணக்கால் சோதித்துப் பார்க்கலாம்.

பல ஜப்பானியக் கார்களில் சக்கர நட்டை 100 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கச் சொல்கிறார்கள். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் அப்படி இறுக்கும்போது, ஒவ்வொரு ஸ்டட்டும் ஏறக்குறைய 4 டன் விசையோடு ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. நான்கு ஸ்டட் சேர்ந்து 16 டன். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.15 என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ரிம்மை ஹப்பின் மேல் வழுக்கச் செய்ய இரண்டு டன்னுக்கு மேல் விசை தேவை. ஒரு சிறிய காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் இறங்கும் எடை கால் டன் அளவுதான். பள்ளத்தில் விழுந்தாலும், அவசரமாகப் பிரேக் பிடித்தாலும் தாங்கும் அளவுக்கு இந்த உராய்வில் மிச்சம் இருக்கிறது.

ஆகவே சரியாக இறுக்கிய சக்கரத்தில் எடையைத் தாங்குவது ரிம்மின் முகத்துக்கும் ஹப்புக்கும் இடையிலான உராய்வு. வளையத்தின் வேலை, நட் இறுகும்வரை ரிம்மை நடுவில் நிறுத்துவது. பிளாஸ்டிக் வளையங்கள் சந்தையில் இருப்பதும் அவை வேலை செய்வதும் இதனால்தான். இதன் மறுபக்கத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நட் தளர்ந்துவிட்டால், அலுமினியமோ பிளாஸ்டிக்கோ, எந்த வளையமும் சக்கரத்தைக் காப்பாற்றாது.

பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

இரண்டுக்கும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

பிளாஸ்டிக் வளையம் துருப்பிடிக்காது. ரிம்மோடும் ஹப்போடும் ஒட்டிக்கொள்ளாது. வெப்பம்தான் அதன் எதிரி. இவ்வகை வளையங்கள் பலவற்றுக்குப் பயன்படும் பாலிகார்பனேட் 150 பாகை செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும். அன்றாட ஓட்டத்தில் ஹப் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. கெந்திங், கேமரன் மலை போன்ற இடங்களிலிருந்து இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் கதை வேறு. பிரேக் வட்டு 300 பாகையைத் தாண்டலாம். அந்தச் சூடு ஹப்புக்கும் பரவும். அதன்பின் சக்கரத்தைக் கழற்றும்போது வளையம் உருக்குலைந்தோ விரிசல் விட்டோ இருக்கக்கூடும். மலைப்பாதையில் கியரைக் குறைத்து இறங்கச் சொல்வதற்கு இது முக்கியக் காரணமல்ல என்றாலும், வளையத்துக்கும் அது நல்லது.

அலுமினியம் அந்தச் சூட்டை எளிதாகத் தாங்கும். ஆனால் ஹப் இரும்பால் ஆனது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால், அது ஒரு சின்ன மின்கலம்போல் செயல்பட்டு அலுமினியத்தை அரிக்கும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் நம் வட்டாரத்தில், அதுவும் கடலோர ஊர்களில், இது சீக்கிரம் நடக்கும். அரிப்பினால் உண்டாகும் வெள்ளைப் பொடி இடுக்கை அடைத்துக்கொள்ள, வளையம் ஹப்போடு இறுகிவிடும். மாட்டுமுன் நடுக்குமிழைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஒட்டாமல் தடுக்கும் பசையை மெல்லிய படலமாகப் பூசினால் இதைத் தள்ளிப்போடலாம். பசை ஸ்டட்டின் மரையிலோ நட்டின் கூம்பிலோ படக்கூடாது. மரையில் வழுவழுப்புக் கூடினால் அதே முறுக்குவிசையில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

அளவில் சமரசம் இல்லை

வளையம் வாங்க இரண்டு அளவுகள் தேவை: ரிம்மின் நடுத்துளை விட்டம், ஹப்பின் நடுக்குமிழ் விட்டம். இணையத்தில் கிடைக்கும் பட்டியலை நம்புவதைவிட வெர்னியர் காலிப்பரால் அளப்பது நல்லது. ஒரே பெயருள்ள காரில்கூட மாடல் மாறும்போது அளவு மாறியிருக்கலாம். துரு படிந்த குமிழைச் சுத்தம் செய்த பிறகே அளக்க வேண்டும்.

எவ்வளவு இடைவெளி இருக்கலாம்? 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் மையம் விலகக்கூடியது அதிகபட்சம் 0.05 மில்லிமீட்டர். மேலே போட்ட கணக்கின்படி அது 4 கிராம் கட்டிக்குச் சமம். கையில் உணர முடியாது. 54.1 குமிழுக்கு "கிட்டத்தட்ட சரியாக இருக்கும்" என்று 56.1 வளையத்தைப் போட்டால் மையம் ஒரு மில்லிமீட்டர்வரை விலகலாம். அது 80 கிராமுக்குச் சமம். அப்படிப் பொருந்தாத வளையம் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றே. நல்ல வளையம் கையால் அழுத்தினால் உள்ளே போகும். ரிம்மைக் கவிழ்த்தால் கீழே விழாது. சுத்தியலால் அடித்துத்தான் ஏற்ற வேண்டுமென்றால் அது தவறான அளவு.

பி.சி.டி. தவறாக இருந்தால் வளையம் அதைச் சரிசெய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். 5×112 ரிம்மை 5×114.3 ஹப்பில் எப்படியோ ஏற்றிவிடுபவர்கள் உண்டு. ஒவ்வொரு ஸ்டட்டும் தன் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும். நட்டின் கூம்பு ஒரு பக்கம் மட்டுமே பதிந்து, ஸ்டட் வளையும். காலப்போக்கில் அது முறியவும் கூடும்.

வளையமே ஆபத்தாகும் நேரம்

இதுவரை சொன்ன நடுக்கம் தொல்லைதான். பெரும்பாலும் ஓட்டுநர் அதை உணர்ந்து கடைக்குப் போய்விடுவார். ஓட்டுநருக்கு எந்த அறிகுறியும் காட்டாத ஆபத்து ஒன்று இருக்கிறது.

வளையம் ரிம்முக்குள் முழுவதும் இறங்காமல், ரிம்மின் பின்முகத்தைவிட ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிம்மை மாட்டி நட்டை இறுக்கும்போது முதலில் ஹப்பைத் தொடுவது வளையம். ரிம்மின் முகம் தொடுவதில்லை. டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லிவிடும். ஆனால் அந்த 16 டன் அழுத்தம் வளையத்தின் மேல் நிற்கிறது. இரண்டு நாள் ஓட்டத்தில் வளையம் நசுங்கினாலோ நகர்ந்தாலோ அழுத்தம் காணாமல் போகும். அழுத்தம் போனால் உராய்வு போகும். பிறகு சக்கரம் ஸ்டட்களின் மேல் ஆடத் தொடங்கும்; நட்கள் ஒவ்வொன்றாகத் தளரும்.

அதனால் வளையத்தைப் பொருத்தியதும் ரிம்மின் பின்முகத்தின் மேல் ஓர் இரும்பு அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். வளையம் அளவுகோலை முட்டக்கூடாது. நட் போடுவதற்கு முன் ரிம்மைக் கையால் தள்ளிப் பிடித்து, அதன் முகம் ஹப்போடு முழுவதும் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது ஆபத்து நடுவழியில் டயர் பஞ்சராகும்போது வரும். ஸ்போர்ட் ரிம்மைக் கழற்றுகிறீர்கள். அலுமினிய வளையம் அரித்து ஹப்போடு ஒட்டிப்போயிருக்கிறது. ரிம் மட்டும் கையோடு வருகிறது. கார் பின்பெட்டியில் இருக்கும் மாற்றுச் சக்கரமோ தொழிற்சாலை தந்த பழைய இரும்பு ரிம். அதன் நடுத்துளை 54.1. ஹப்பின் மேல் இப்போது இருப்பது 73.1 மில்லிமீட்டர் வளையம். மாற்றுச் சக்கரம் அதன்மேல் உட்காரவே முடியாது. இருட்டிலும் மழையிலும் இது கண்ணில் படாமல், நட்டின் பலத்தால் இழுத்து உட்காரவைத்து ஓட்டிச் சென்றால், மேலே சொன்ன அதே விபரீதம் நடக்கும். ஹப் ரிங் போட்ட கார் வைத்திருப்பவர்கள், வீட்டில் ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் சக்கரத்தைக் கழற்றி, வளையம் எளிதில் வருகிறதா, மாற்றுச் சக்கரம் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவைப்பது நல்லது. வளையத்தை நெம்பி எடுக்கத் தட்டையான ஸ்குரூடிரைவர் ஒன்றையும் காரில் வைத்திருங்கள்.

மூன்றாவது, நட்டின் வடிவம். ஹோண்டா நிறுவனத்தின் சொந்த ரிம்களுக்கான நட் உருண்டை நுனி கொண்டது. வெளியில் வாங்கிய ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு நுனி வேண்டும். உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். இறுகியதுபோல் தெரியும், நாளடைவில் தளரும். ரிம் மாற்றும்போது நட்டும் மாற வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

எல்லா நடுக்கமும் இதனால் அல்ல

நடுக்கம் வந்ததும் உடனே ஹப் ரிங் வாங்க ஓடவேண்டாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் வட்டைச் சந்தேகிக்கலாம். கார் ஒரு பக்கம் இழுத்தால் அது அலைன்மென்ட் தொடர்பானதாக இருக்கலாம். நடுக்கம் ஸ்டீரிங்கில் தெரிந்தால் முன் சக்கரங்களிலும், இருக்கையில் தெரிந்தால் பின் சக்கரங்களிலும் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம்மும், நீண்ட நாள் ஒரே இடத்தில் நின்று தட்டையான டயரும் நடுங்கும்.

மையம் விலகியதுதான் காரணமா என்று அறிய எளிய சோதனை உண்டு. காரை ஜாக்கியால் தூக்கி, முட்டுத் தாங்கியில் நிறுத்தி, ரிம்மின் விளிம்புக்கு அருகில் அசையாத ஒரு கம்பியை வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கம்பிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் குறைந்து எதிர்ப்பக்கம் கூடினால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றி, ஒரு ஸ்டட் அளவு திருப்பி மாட்டி, மறுபடி பாருங்கள். ரிம் வளைந்திருந்தால் குறை ரிம்மின் அதே இடத்தில் தெரியும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் குறை வேறு இடத்துக்கு மாறினால், ரிம் ஹப்பின் நடுவில் உட்காரவில்லை என்று பொருள்.

மாட்டும்போது கவனிக்க

1. ஹப்பின் முகத்தையும் நடுக்குமிழையும் துரு நீங்கத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரு மணல் துகள்கூட ரிம்மைச் சாய்த்துவிடும்.

2. நான்கு வளையங்களும் ஒரே அளவா என்று பாருங்கள். வளையம் ரிம்முக்குள் முழுவதும் இறங்கியிருக்க வேண்டும். பின்முகத்துக்கு வெளியே நீட்டக்கூடாது.

3. ரிம்மை நேராகத் தள்ளி உட்காரவைத்து, எல்லா நட்களையும் முதலில் கையால் திருகுங்கள்.

4. சக்கரம் தரையைத் தொடாதபோதே, எதிரெதிர் நட்களாக, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஐந்து நட் என்றால் நட்சத்திரம் வரையும் வரிசையில் இறுக்குங்கள்.

5. காரை இறக்கியபின், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியோடு வேலையை முடிக்க விடாதீர்கள்.

6. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின், சக்கரம் ஆறியிருக்கும்போது, மறுபடி டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு நட் மீண்டும் தளர்ந்திருந்தால், இறுக்கிவிட்டுப் போகாமல் சக்கரத்தைக் கழற்றிக் காரணத்தைத் தேடுங்கள்.

7. டயர் மாற்றும்போதும் சுழற்சி முறையில் இடம் மாற்றும்போதும் வளையங்கள் கடையில் தவறிப்போவது சகஜம். காரை எடுக்குமுன் நான்கும் திரும்பி வந்தனவா என்று கேளுங்கள்.